பன்னீர் திராட்சையில் மணம் இல்லையா? வெயிலையும் நிழலையும் வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

"நிறம் இருக்கு, இனிப்பும் இருக்கு. மணத்தத்தான் காணல தம்பி."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில், எங்கள் பந்தலின் முதல் கொத்தைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியிடம் கொடுத்தபோது அவர் சொன்னது இது. கம்பத்திலிருந்து வந்த கூடையைத் திறந்தாலே அந்தக் காலத்தில் வீடு முழுக்க வாசம் அடிக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் பழத்தை மென்றால் சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டாக ஆறு விளைச்சல் பார்த்துவிட்டேன். எங்கே தவறினேன், எதை மாற்றியதும் மணம் திரும்பியது என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பழத்தில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள்.

எங்கள் தோட்டம் கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவில், மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை நெல்லுக்கும் வாழைக்கும் பேர் போனது. கொடிமுந்திரி என்று பழைய ஆட்கள் சொல்லும் திராட்சை இங்கே வீட்டுப் பந்தலிலும் தோட்டத்து ஓரத்திலும்தான் கிடக்கிறது. அதனால் கம்பத்து விவசாயிக்குப் பழக்கத்தில் தெரிவதை நாம் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மணம் எங்கே சமைகிறது

பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டும் ஸ்கியாவா குரோசா என்ற பழைய ஐரோப்பியக் கறுப்பு ரகமும் கலந்து பிறந்தது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாப்பிடவும் ஆகும், வைனுக்கும் ஆகும். அதனால் வைன் திராட்சை வளர்க்கிறவர்கள் வெயிலையும் மணத்தையும் பற்றிக் கண்டுபிடித்து வைத்திருப்பதில் பெரும்பகுதி நமக்கும் பொருந்தும்.

அந்தப் பன்னீர் வாசம் லினலூல், ஜெரானியோல், நெரோல் என்ற சில பொருள்களால் வருவது. இவை நமக்குப் புதிதல்ல. கொத்தமல்லி விதையை நசுக்கினால் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் லினலூல். ரோஜாவில் இருப்பது ஜெரானியோலும் நெரோலும். இதனால்தான் இந்தப் பழத்துக்குப் பன்னீர் என்ற பெயர் அவ்வளவு சரியாக ஒட்டியிருக்கிறது.

மணத்தின் கணக்கு சர்க்கரைக் கணக்கு மாதிரி இல்லை. சர்க்கரை இலையில் உண்டாகி, தண்டு வழியாகப் பழத்துக்கு வருகிறது. கொத்து இருட்டில் தொங்கினாலும், மேலே இலை வெயிலில் இருந்தால் இனிப்பு வந்து சேர்ந்துவிடும். மணம் அப்படி வெளியிலிருந்து வருவதில்லை. பழமே, அதிலும் முக்கியமாகத் தோல், அதை அங்கேயே உண்டாக்க வேண்டும். அதற்குக் கொத்தின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். அண்ணாச்சி வாயில் போட்டது இனிப்பு வந்து மணம் வராத பழம். எங்கள் கொத்துகள் முழு இருட்டில் தொங்கியிருந்தன.

அப்படியானால் இலையை எல்லாம் கிள்ளி வெயிலில் விட்டால் போதுமா? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். வெயிலோடு இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது. ஒன்று வெளிச்சம், மற்றது சூடு. வெளிச்சம் மணத்தை உண்டாக்குகிறது. சூடு எல்லை தாண்டினால் உண்டான மணம் ஆவியாகவும் சிதைந்தும் போகிறது. பிரான்சிலோ ஜெர்மனியிலோ இந்த இரண்டையும் அவ்வளவாகப் பிரிக்க வேண்டியதில்லை, அங்கே சூடு குறைவு. நமக்கோ வேலை முழுக்க அதைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. கொத்துக்கு வெளிச்சம் கொடுத்து, சூட்டைத் தடுக்க வேண்டும். கீழே வரும் எல்லா வழிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் குப்பிச் சோதனை

எதையும் வெட்டும் முன், கிள்ளும் முன் இதைச் செய்யுங்கள். செலவே இல்லை.

நிறம் மாறத் தொடங்கியதும் பந்தலின் கிழக்கு ஓரக் கொத்துகளில் சிவப்பு நூல், மேற்கு ஓரத்தில் நீல நூல், நடுப்பந்தலில் வெள்ளை நூல் கட்டுங்கள். பழுக்கும் சமயத்தில் ஒவ்வொரு நூலிலும் பத்துக் கொத்தைத் தேர்ந்து, கொத்துக்கு இரண்டு பழம் எடுங்கள். ஒரே கொத்தில் இருபது எடுத்தால் கணக்கு தப்பிவிடும். மூன்று கண்ணாடிக் குப்பியில் தனித்தனியாகப் போட்டு, தோலோடு நசுக்கி, மூடி, வீட்டுக்குள் அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் திறந்து மோந்து பாருங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பார்க்காமல் மூன்று பேர், எது எந்தக் குப்பி என்று தெரியாமல் பார்த்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் மதினியின் மூக்குதான் தீர்ப்பு.

கிழக்குக் குப்பி மணந்து, நடுக் குப்பி மணக்காவிட்டால் குறை நிழலில் இருக்கிறது. கிழக்கு மணந்து, மேற்கு வெந்த வாசம் அடித்தால் குறை சூட்டில். மூன்றுமே மணக்காவிட்டால் பந்தலை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். சீக்கிரம் பறித்துவிட்டீர்கள், அல்லது கொடி தாங்குவதற்கு மேல் கொத்து விட்டிருக்கிறீர்கள், அல்லது கடைசி நாள் வரை தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்.

இன்னொன்று. மணப் பொருளில் பெரும்பகுதி பழத்துக்குள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டுண்டு இருக்கும்வரை அது மணக்காது. புளிப்பும் சூடும் நேரமும் சேர்ந்து அந்தக் கட்டை மெல்ல அவிழ்க்கும். அதனால் மோந்ததும் ஒன்றும் வரவில்லை என்றால், தோலை மட்டும் உரித்து நன்றாக மென்று பாருங்கள். தோலில் மணம் தெரிந்தால் சரக்கு இருக்கிறது, இன்னும் சில நாள் விடலாம். தோலும் வெறும் துவர்ப்பாக இருந்தால் சரக்கே உண்டாகவில்லை.

அறிகுறி: இனிப்பு உண்டு, நிறம் உண்டு, மணம் இல்லை

நம் பக்கத்தில் மிக அதிகமாக வருவது இதுதான். காரணம் பந்தல் அடர்த்தி.

உச்சி வேளையில் பந்தலுக்குக் கீழே நின்று தரையைப் பாருங்கள். தரையில் வெயில் பொட்டு பொட்டாக விழுந்து, காற்றுக்கு அசைய வேண்டும். தரை ஒரே கருநிழலாக இருந்தால் கொத்துக்கு வெளிச்சம் போகவில்லை. கணக்கு எளிது. ஒரு திராட்சை இலை தன் மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கீழே விடும். அதற்குக் கீழே இன்னொரு இலை இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மூன்றாவது இலை இருட்டில் உட்கார்ந்து, கொடியின் சாப்பாட்டைத் தின்கிறதே தவிர ஒன்றும் சமைப்பதில்லை.

இலை நிறைய இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். பச்சை இலையைக் கிள்ளுவதை அவரால் பார்க்கவே முடியவில்லை. ஆனால் ஒரு இலைக்கு நம் ஊர் முழு வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதன் வயிறு நிறைந்துவிடும். ஒரு கொத்தைப் பழுக்க வைக்கப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நல்ல இலை போதும். மிச்சம் எல்லாம் நிழல்.

எப்போது கிள்ளுவது என்பது எப்படிக் கிள்ளுவது என்பதைவிட முக்கியம். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், ஒரு மாதம் சொச்சத்தில் பூ வரும். பூ முடிந்து பிஞ்சு மிளகு அளவுக்கு வந்ததும் தொடங்கி, பட்டாணி அளவுக்குள் முடித்துவிடுங்கள். இந்த வயதில் வெளிச்சம் பட்ட பிஞ்சு தன் தோலிலேயே வெயிலைத் தாங்கும் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து வயலில் நின்றவனுக்கும் திடீரென்று வயலில் இறக்கிவிடப்பட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

கொத்துக்கு நேர் மேலே ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இலைகளில் உள்ளே இருப்பதை எடுங்கள், மேலே இருப்பதை விடுங்கள். மேல் இலை குடை. அதையும் எடுத்தால் பங்குனி வெயில் நேரே கொத்தில் இறங்கும். இலைக் கக்கத்திலிருந்து கிளம்பும் பக்கத் துளிர்களை ஒரு இலையோடு நுனி கிள்ளுங்கள். சுருள் கம்பிகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள். இரண்டு கிளை ஒரே இடத்தில் குறுக்கே கிடந்தால் ஒன்றைப் பிரித்துக் காலி இடத்தில் கட்டுங்கள். எங்கள் பந்தலில் பாதிப் பிரச்சினை கிள்ளாமலே, கிளையைப் பரத்திக் கட்டியதிலேயே தீர்ந்தது.

கிள்ளியும் இரண்டு வாரத்தில் மறுபடி அடர்ந்துவிடுகிறதா? அப்படியானால் கொடிக்குச் சாப்பாடு கூடிப்போயிருக்கிறது. மாட்டுத் தொழு எருவும் யூரியாவும் சேர்ந்து போட்ட இடத்தில் இதைத் தவிர்க்க முடியாது. தழைச்சத்தைக் குறையுங்கள், தண்ணீரை இடைவெளி விட்டுக் கொடுங்கள். பந்தல் ஓரத்தில் வாழை வைத்திருந்தால் அதற்குப் பாய்கிற தண்ணீர் கொடியின் வேருக்கும் போகும், அதையும் பாருங்கள்.

தோலை மென்றால் லேசாக மணக்கிறது, பழம் மணக்கவில்லை என்றால் பொறுங்கள். பழத்தில் சர்க்கரை ஏறி நின்ற பிறகும் மணம் சில நாள் ஏறிக்கொண்டே இருக்கும். நிறம் வந்த அன்றே பறிப்பது நம் ஊர்ப் பழக்கம், வௌவால் பயம் வேறு. இரண்டு நாளுக்கு ஒருமுறை தோலை மென்று பார்த்து, மணம் ஏறுவது நின்றதும் பறியுங்கள். அதற்கு மேலும் விட்டால் லினலூல் இறங்கத் தொடங்கும்.

அறிகுறி: வெந்த வாசம், மேற்குப் பக்கம் பழுப்பு

இது நான் என் கையால் வரவழைத்தது. முதல் விளைச்சலில் மணம் இல்லாமல் போனதும், வெயில் போதவில்லை என்று புரிந்தது. அடுத்த கோடையில், பழம் நிறம் மாறிக்கொண்டிருந்த பங்குனிக் கடைசியில், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மேற்கு ஓரத்துக் கொத்துகளைச் சுற்றி ஒரு இலை விடாமல் கிள்ளினேன். நான்கே நாளில் மேற்கைப் பார்த்த பழங்கள் தோல் சுருங்கிப் பழுப்பாகிவிட்டன. மிச்சம் இருந்ததில் பன்னீர் வாசம் இல்லை. காய்ந்த திராட்சையும் சர்க்கரைப் பாகும் கலந்த வாசம்தான். நாற்பது கொத்துக்கு மேல் போனது. நிழலிலேயே வளர்ந்த பழத்தைத் திடீரென்று வெயிலில் விட்டது ஒரு தவறு, அதை மேற்கில் செய்தது இன்னொரு தவறு.

மேற்கு ஏன் அவ்வளவு மோசம்? காலை வெயிலும் மாலை வெயிலும் வெளிச்சத்தில் சமம். காலையில் காற்று குளிர்ந்திருக்கும், பழமும் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கும். மூன்று மணிக்குக் காற்றே 38, 40 டிகிரியில் நிற்கும். நேர் வெயில் படும் கறுப்புப் பழம், காற்று அசையாத நேரத்தில், காற்றைவிடப் பத்து டிகிரியும் அதற்கு மேலும் சூடேறும். அதாவது பழத்துக்குள் 48, 50 டிகிரி. 35 டிகிரிக்கு மேலே போனாலே தோலில் நிறம் சேர்வது தடுமாறும். 50ல் தோல் வெந்துவிடும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். தொடாமல் சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி இருக்கிறதே, அதில் பட்டறைகளில் வைத்திருக்கும் வகை வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த வகை உடம்புச் சூட்டுக்குச் செய்தது, இவ்வளவு சூட்டை அது காட்டாது. மூன்று மணிக்குக் கிழக்குக் கொத்தையும் மேற்குக் கொத்தையும் அளந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, என்ன செய்வது? மேற்கு ஓரத்து இலையைத் தொடாதீர்கள். பந்தலுக்குக் கீழே சாய்வாக நுழையும் வெயிலைத் தடுக்கப் பனை ஓலைத் தட்டியைத் தொங்கவிடுங்கள், பந்தல் மட்டத்திலிருந்து மூன்றடி இறங்கினால் போதும். நிரந்தர ஏற்பாடு வேண்டுமென்றால் மேற்கே ஒரு வரிசை அகத்தி போடுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை எதற்கு வைக்கிறார்கள்? அதன் சின்ன இலை வெளிச்சத்தை அடைக்காமல் சல்லடை மாதிரி சலித்து விடுகிறது, காற்றையும் தணிக்கிறது. ஆத்தூர் பக்கத்துக் கொடிக்கால்காரர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்ததை நான் ஒரு விளைச்சலைத் தொலைத்துவிட்டுக் கற்றுக்கொண்டேன்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பாபநாசம், சிவசைலம் பக்கம் சூரியன் பொதிகைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். மாலை வெயிலின் கடைசிப் பகுதியை மலையே தடுத்துவிடுகிறது. அங்கே பந்தலைக் கொஞ்சம் தாராளமாகத் திறக்கலாம். பாளையங்கோட்டை, நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் வெட்டவெளி. அங்கே அடிவாரத்துக் கணக்கைப் பார்த்துத் திறந்தால் வேகும். தேரி என்கிற செம்மணல் மேடு என்றால் தரையிலிருந்து எழும் சூடும் சேரும், பந்தலுக்கு அடியில் ஓலையோ சருகோ பரப்பி வையுங்கள்.

அறிகுறி: புத்தகத்தில் சொன்ன பக்கம் கிள்ளியும் கொத்து கருகுகிறது

பந்தல் இல்லாமல் கம்பி வேலியில் கொடி ஏற்றியவர்களுக்கு இது வரும். வெளிநாட்டுக் குறிப்புகளில் வடக்குப் பக்கத்து இலையைக் கிள்ளுங்கள், அது நிழல் பக்கம், ஆபத்தில்லை என்று இருக்கும். ஐரோப்பாவில் உச்சி வெயில் வருடம் முழுக்கத் தெற்கிலிருந்து வரும், அங்கே அது சரி. திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளையில் வடக்கே சாய்ந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் மே மாதம் உச்சி வேளையில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு நிழலைப் பாருங்கள், தெற்கே விழும். ஆக, நம் கோடைப் பழத்துக்கு வடக்குப் பக்கம் நிழல் பக்கமே கிடையாது. வேலியைத் தென்வடலாக ஓட்டி, கிழக்குப் பக்கம் மட்டும் திறப்பதுதான் நமக்குச் சரிப்படும்.

அறிகுறி: பச்சை வாசம், குடைமிளகாய் வாசம்

எந்த ரகம் என்று முதலில் பார்க்க வேண்டும். பன்னீர் திராட்சையில் புல் வாசம் வந்தால் பழுக்கவில்லை என்று அர்த்தம், அல்லது காம்போடு சேர்த்து நசுக்கிவிட்டீர்கள்.

கபர்னே சாவிஞ்ஞோன், மெர்லோ, சாவிஞ்ஞோன் பிளாங்க் கன்றுகளை ஆசைப்பட்டு வாங்கி நட்டவர்களுக்குக் கதை வேறு. அந்த ரகங்களில் குடைமிளகாயில் இருக்கும் அதே மணப் பொருள் உண்டாகிறது. மெத்தாக்சிபைரசின் என்று பெயர். தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோகிராம். இது பழம் நிறம் மாறுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் உச்சத்துக்குப் போய், பழுக்கப் பழுக்கக் குறையும்.

இங்கே நிழலின் வேலை பிஞ்சுப் பருவத்திலேயே நடந்துவிடுகிறது. பிஞ்சில் வெளிச்சம் பட்டால் அது அதிகம் சேராது. நிழலில் சேர்ந்துவிட்டால், பழுக்கும்போது இலையைக் கிள்ளி வெயிலில் விட்டுப் பெரிய பலன் இல்லை. ஆகவே இந்த வாசம் வந்த விளைச்சலில் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த விளைச்சலில் பூ முடிந்த மூன்று நான்கு வாரத்துக்குள் கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். காம்பிலும் இந்தப் பொருள் நிறைய இருக்கிறது, அதனால் உதிர்த்துவிட்டே சாறு எடுங்கள்.

அறிகுறி: ஷிராஸ் என்ற வைன் ரகம் நட்டேன், அதன் மிளகு வாசம் வரவில்லை

நம் வெயிலில் அதை எதிர்பார்க்க வேண்டாம். அந்த வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை 2008ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். குற்றால மலையில் விளையும் நல்லமிளகின் வாசத்திலும் இருப்பது அதுவேதான். குளிர்ந்த இடத்தில், நிழலில் தொங்கும் கொத்தில்தான் அது நன்றாகச் சேரும், கொத்து சூடாகச் சூடாகக் குறையும். ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது தெரிவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சாற்றில் மண்ணெண்ணெய் வாசம்

பன்னீரில் இதை நான் பார்த்ததில்லை. ரீஸ்லிங் ரகத்து வைனில், வெயில் கூடுதலாகப் பட்ட பழத்திலிருந்து, நாள்பட வரும் வாசம் இது. உங்கள் பன்னீர்ச் சாற்றில் அப்படி அடித்தால் வெயிலைச் சந்தேகப்படாமல் பாத்திரத்தையும், மருந்து அடிக்கும் தெளிப்பானையும், அதைத் துடைத்த துணியையும் சோதியுங்கள்.

அறிகுறி: பறவைக்குப் பை கட்டினேன், மணம் போய்விட்டது

மைனாவும் குயிலும் இரவில் வௌவாலும் படுத்துகிற பாட்டில் செய்தித்தாள் பை, பழைய வேட்டித் துணிப் பை எல்லாம் கட்டுவோம். பழம் தப்பிக்கும், மணம் தப்பாது. பைக்குள் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, சூடும் வெளியேறாது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பந்தலைச் சுற்றி மொத்தமாக வலை கட்டுவது நல்லது. கொத்துக்கு மட்டும் என்றால் வெளிச்சம் புகும் வெள்ளை நைலான் வலைப் பை போதும்.

பச்சை நிழல்வலையைப் பந்தல் மேல் விரிப்பவர்களுக்கும் இதே பதில். கடையில் ஐம்பது சதவீதம், எழுபத்தைந்து சதவீதம் நிழல் தரும் வலையைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். அது நாற்றங்காலுக்கு ஆகும். திராட்சைக்கு இருபது, முப்பது சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதையும் மேலே விரிக்காமல், மேற்குப் பக்கம் திரை மாதிரித் தொங்கவிட்டால் காலை வெளிச்சம் முழுதாகக் கிடைக்கும்.

அறிகுறி: ஆவணிப் பழம் மட்டும் மணக்கவில்லை

மே, ஜூனில் கவாத்து செய்து ஆகஸ்ட், செப்டம்பரில் பறிக்கும் விளைச்சல் இது. தென்காசி, செங்கோட்டை, குற்றாலத்தை ஒட்டிய பகுதிகளில் இந்தப் பழத்தின் வாழ்நாள் முழுக்க மேகமும் சாரலும் மேல்காற்றும்தான். கோடையில் சூடு எதிரி என்றால், இந்தப் பருவத்தில் இருட்டு எதிரி. கோடைக்குப் பாடுபட்டு வைத்த ஓலைத் தட்டியை ஆனியிலேயே கழற்றிவிடுங்கள். மேல் இலையிலும் கொஞ்சம் எடுக்கலாம். கோடையில் பந்தலுக்கு அடியில் நூறு பொட்டு வெயில் விழுந்தால், சாரல் காலத்தில் இருநூறு விழட்டும். கொடி ஒன்றுதான், இரண்டு விளைச்சலுக்கும் கவனிப்பு வேறு வேறு. இதை ஒரே மாதிரி செய்துவிட்டு ஆவணிப் பழத்தைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

இந்தப் பருவத்தில் காளான் வாசமோ பழைய துணி வாசமோ வந்தால் கொத்தைப் பிரித்துப் பாருங்கள், சாம்பல் நோயாக இருக்கும். அது நிழலில் தழைக்கும், நேர் வெயில் பட்டால் தளரும். புளித்த காடி வாசம் வந்தால் நெருக்கமான கொத்துக்குள் பழம் வெடித்து அழுகியிருக்கிறது. பட்டாணி அளவில் ஐந்தில் ஒரு பழத்தைக் கத்தரித்துக் கொத்தைத் தளர்த்தியிருந்தால் இது வராது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிப்பதானால் வெயில் உறைக்கும் நாளில் வேண்டாம், இலையும் பழமும் கருகும். பறிக்கிற சமயத்திலும் வேண்டாம். சாறு புளிக்கும்போது அழுகிய முட்டை வாசம் வருவதற்கு அந்தக் கந்தகம் ஒரு காரணம்.

அறிகுறி: கொடியில் மணந்தது, வீட்டுக்கு வந்ததும் மணக்கவில்லை

பறித்த நேரத்தைப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் பறித்த பழம் சூட்டோடு கூடைக்குள் போகிறது, கூடைக்குள் அந்தச் சூடு இறங்குவதே இல்லை. விடியும்போது, பழம் கைக்குச் சில்லென்று இருக்கும்போதே பறியுங்கள். ஆழமான கூடையில் அடுக்காமல் வாழை இலை விரித்த தட்டையான பெட்டியில் ஒரு வரிசை மட்டும் வையுங்கள். பழத்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சைத் துடைக்க வேண்டாம். சாறாக்குவதானால் தோலோடு நசுக்கி, மூடி, குளிர்ந்த இடத்தில் நான்கைந்து மணி நேரம் வைத்து அப்புறம் பிழியுங்கள். மணம் தோலில் இருக்கிறது, அது சாற்றுக்கு இறங்க நேரம் வேண்டும்.

போன சித்திரையில் கிழக்கு ஓரத்து முதல் கொத்தை விடியற்காலையில் பறித்து, அதே வாழை இலையில் வைத்து அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். திண்ணையில் இருந்தவர் கை நீட்டும் முன்பே, உள்ளேயிருந்து பெரியம்மா, "கம்பத்துப் பழம் யாரு வாங்கிட்டு வந்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.